‘ஸ்டேட் பேங்க்’ என்றால் அரசு வங்கியா? நார்மனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தவறாக நினைக்காதீர்கள், 1999இல் அமெரிக்காவின் இதே ஓக்லஹோமா மாநிலத்தில் இதே குழப்பத்தோடு நின்ற என்னை நினைத்துத்தான் சிரித்தேன். நார்மன் நகருக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வீட்டருகே பெயரில் ‘ஸ்டேட் பேங்க்’ என்று போட்ட ஒரு சின்ன வங்கி இருக்கிறது, அது அரசு வங்கிதானே, மூழ்கினால் ஓக்லஹோமா அரசு பணத்தைத் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலக நண்பர் சொல்லும், வட்டி அதிகம் தரும் ஃபோன் செயலியில் போடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

முதலாவதுக்குப் பதில்: அது அரசு வங்கி இல்லை. மாநில அரசு ஒரு டாலரும் தராது. ஆனாலும் உங்கள் பணம் பத்திரம்.

‘ஸ்டேட் பேங்க்’ என்றால் நம் காதில் ஊர்க் கடைவீதியில் இருக்கும் அரசு வங்கிதான் ஒலிக்கும். இங்கே அதற்கு மாநில அரசிடம் உரிமம் வாங்கிய தனியார் வங்கி என்று பொருள். ‘நேஷனல் பேங்க்’ என்றால் மத்திய அரசிடம் உரிமம் வாங்கிய தனியார் வங்கி. இரண்டும் முதலாளிகளுடையவை. மாநில அரசே நடத்தும் வங்கி வேண்டுமென்றால் வடக்கு டகோட்டாவுக்குப் போக வேண்டும். அங்கே 1919 முதல் ஒன்று இருக்கிறது.

மாநில அரசு தராது என்றேன். ஆனால் மாநிலச் சட்டமே டெபாசிட்டுக்கு உத்தரவாதம் கொடுத்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அதை முதலில் செய்ததே நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மாநிலம்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

1907 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கிய பீதியில் நாடு முழுக்க வங்கிகள் பணம் கொடுக்க முடியாமல் கையை விரித்தன. அடுத்த மாதமே, நவம்பர் 16ஆம் தேதி, ஓக்லஹோமா தனி மாநிலமானது. முதல் ஆளுநர் சார்லஸ் ஹாஸ்கெல். புது மாநிலத்தின் சட்டமன்றம் சூட்டோடு சூடாக டிசம்பரிலேயே டெபாசிட் உத்தரவாதச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. ஒவ்வொரு ஸ்டேட் பேங்கும் தன் டெபாசிட்டில் 100 டாலருக்கு 1 டாலர் வீதம் ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும். எந்த வங்கி மூழ்கினாலும் அந்த நிதியிலிருந்து மக்களுக்குப் பணம். கவனியுங்கள், மாநிலக் கஜானாவிலிருந்து எதுவும் இல்லை. வங்கிகள் தங்களுக்குள் போட்ட உண்டியல்தான் அது. மக்கள் காதில் மட்டும் ‘அரசாங்க உத்தரவாதம்’ என்று விழுந்தது.

நார்மனிலிருந்து நெடுஞ்சாலை 77இல் தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் போனால் நோபிள் என்று ஒரு சின்ன ஊர் வரும். அந்த ஊர் வங்கிதான் வழக்குப் போட்டது: ‘நான் ஒழுங்காக நடத்துகிறேன், எவனோ ஒருவன் வங்கியைக் கவிழ்த்தால் என் காசை எடுத்து ஏன் கொடுக்க வேண்டும்?’ நியாயமான கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1911 ஜனவரியில் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு மாநிலத்துக்கு ஆதரவாக வந்தது. பொதுநலனுக்காக மாநிலம் இப்படி ஒரு சட்டம் போடலாம் என்றது நீதிமன்றம். சட்டம் செல்லும் என்பது வேறு, சட்டம் வேலை செய்யும் என்பது வேறு இல்லையா?

தீர்ப்பு வருவதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. ஓக்லஹோமா சிட்டியில் கொலம்பியா பேங்க் அண்ட் டிரஸ்ட் என்ற வங்கி, உத்தரவாதத்தைக் காட்டியே ஒரே வருடத்தில் டெபாசிட்டைப் பல மடங்கு பெருக்கியது. 1909 செப்டம்பரில் கவிழ்ந்தது. போட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது; ஆனால் உண்டியல் காலி. மற்ற வங்கிகளிடம் கூடுதலாக வசூலித்தார்கள். ஒழுங்கான வங்கிகள் என்ன செய்யும்? மாநில உரிமத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேஷனல் பேங்க் உரிமம் வாங்கிக்கொண்டு வெளியேறத் தொடங்கின. நேஷனல் பேங்குகள் இந்தத் திட்டத்தில் சேரக்கூடாது என்று மத்திய அரசு ஏற்கெனவே சொல்லியிருந்தது, ஆக அதுவே தப்பிக்கும் வழியாகிவிட்டது. நல்லவன் போகப் போக, உள்ளே மிஞ்சியவன் தலையில் சுமை ஏறியது. நம் ஊரில் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: ஒழுங்காகக் கட்டுபவன் விலகிவிட்டால், எடுத்துக்கொண்டு ஓடுபவனை நம்பித்தான் சீட்டு நடக்கும்.

ஓக்லஹோமாவைப் பார்த்து கான்சஸ், நெப்ராஸ்கா, டெக்சஸ், தெற்கு டகோட்டா எல்லாம் 1909இலேயே சட்டம் போட்டன. பிறகு மிசிசிப்பி, வடக்கு டகோட்டா, வாஷிங்டன். மொத்தம் எட்டு. பெரும்பாலும் கோதுமையையும் பருத்தியையும் நம்பிய மாநிலங்கள். முதல் உலகப் போர் முடிந்து 1920–21இல் விளைபொருள் விலை சரிந்தபோது விவசாயி கடனைக் கட்டவில்லை, ஊர் வங்கி படுத்தது, பக்கத்து ஊர் வங்கியும் அதே விவசாயியை நம்பியது என்பதால் அதுவும் படுத்தது. ஒரே மழைக்கு ஒரே தெருவில் எல்லா வீடும் ஒழுகினால், யார் வீட்டுப் பாத்திரத்தை யார் இரவல் வாங்குவது? ஓக்லஹோமா 1923இல் சட்டத்தை ரத்து செய்தது. 1930க்குள் எட்டுத் திட்டங்களும் முடிந்துவிட்டன.

இதைவிடப் பழைய முயற்சிகளும் உண்டு. நியூயார்க் 1829இலேயே ஒரு நிதி தொடங்கியது. அந்த யோசனையைச் சொன்ன ஜோஷுவா ஃபோர்மன், சீனாவின் கான்டன் துறைமுக வணிகர்கள் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும் வழக்கத்தைப் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். எனக்கு அதைவிடப் பிடித்தது 1834இல் தொடங்கிய இந்தியானா முறை. அங்கே ஒரு கிளை மூழ்கினால் மற்றக் கிளைகளே கடனைக் கட்ட வேண்டும். அதனால் ஒருவரை ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கண்காணித்தார்கள். ஒரு கிளையும் திவாலாகவில்லை.

1933 ஜூனில் மத்திய அரசு சட்டம் போட்டு, வங்கி டெபாசிட்டுகளைக் காப்பீடு செய்யும் எஃப்.டி.ஐ.சி. (FDIC) என்ற அமைப்பை உருவாக்கியது. அதிபர் ரூஸ்வெல்டே முதலில் இதற்கு ஆதரவாக இல்லை. மாநிலங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவில் இருந்தது. 1934 ஜனவரி 1 முதல் ஆளுக்கு 2,500 டாலர் வரை காப்பீடு. இன்று 2,50,000. ஒரு ஆளுக்கு, ஒரு வங்கியில், ஒரு கணக்கு வகைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதற்கு மேல் உங்களிடம் சேரட்டும், அப்போது பேசுவோம்! இதில் மத்திய அரசின் கஜானா பின்னால் நிற்கிறது. கான்சஸ் கோதுமை காய்ந்தாலும் நியூயார்க் வங்கி கட்டும் சந்தா வந்துகொண்டிருக்கும்.

உங்கள் வீட்டருகே உள்ள வங்கியின் வாசல் கதவிலும் கவுன்ட்டரிலும் அந்த நான்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், எஃப்.டி.ஐ.சி. இணையதளத்திலும் வங்கியின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) என்றால், அவற்றுக்கான மத்தியக் காப்பீட்டு அமைப்பான என்.சி.யு.ஏ. (NCUA) பெயர் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் நார்மனுக்குத் தென்மேற்கே லிண்ட்சேயில் ஒரு வங்கி மூடப்பட்டது. அது நேஷனல் பேங்க்தான்! வரம்புக்குள் இருந்த பணம் அப்படியே வேறு வங்கிக்கு மாறியது. வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அந்த மேல்தொகையில் முதலில் பாதிதான் கைக்கு வந்தது.

‘அதெல்லாம் பழைய கதை அண்ணா’ என்பீர்கள். 1985 மார்ச்சில் ஒஹாயோவில் சின்சினாட்டியின் ஹோம் ஸ்டேட் சேவிங்ஸ் பேங்க் கவிழ்ந்தபோது, அதற்கு மத்தியக் காப்பீடு இல்லை. மாநில அளவில் வைத்திருந்த தனியார் நிதிதான். நிதி தாங்கவில்லை. ஆளுநர் ரிச்சர்ட் செலஸ்ட் அதே நிதியை நம்பியிருந்த சுமார் 70 நிறுவனங்களை மூட வேண்டியதாயிற்று. 1991 ஜனவரி 1 அன்று ரோட் ஐலண்டில் ஆளுநராகப் பதவியேற்ற புரூஸ் சண்ட்லன் அன்றைக்கே 45 நிறுவனங்களை மூடினார். காரணம் அதேதான்.

இப்போது செயலிக்கு வருவோம். என் அப்பா 90களில் கும்பகோணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் 24 சதவீத வட்டிக்குப் பணம் போட்டார். வரவேற்பறையில் சாமி படம், சுவரில் பதிவு எண், வாசலில் காவலாளி. ‘கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு’ என்று மேனேஜர் சொன்னாராம். ஒரு நாள் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். பதிவு செய்தது உண்மைதான். பதிவு செய்ததற்கும் பணத்துக்குப் பொறுப்பேற்பதற்கும் என்ன சம்பந்தம்?

செயலி வங்கி அல்ல. உங்கள் பணத்தை அது ஏதோ ஒரு வங்கியில் போட்டு வைக்கிறது. அந்த வங்கி மூழ்கினால் எஃப்.டி.ஐ.சி. வரும், செயலியோ நடுவில் இருக்கும் தரகு நிறுவனமோ மூழ்கினால் வராது. 2024இல் சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் திவாலானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். எந்த வங்கியும் மூழ்கவில்லை, ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கில் 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை உதைத்தது. அதனால் நண்பரிடம் எவ்வளவு வட்டி என்று கேட்பதற்கு முன், எந்த வங்கி, அங்கே கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் வாடகைப் பணத்தை அதில் வைக்காதீர்கள். வட்டிதான் வேண்டும் என்றால் வங்கியே நேரடியாக நடத்தும் ஆன்லைன் சேமிப்புக் கணக்குகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள்.

அப்புறம், ஊருக்கு அனுப்பி எஃப்.டி. போடச் சொல்லும் உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: அங்கேயும் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. 2020க்கு முன் அது 1 லட்சம்.

கணக்குத் தொடங்கப் போகும்போது பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு வாடகை ஒப்பந்தம் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் காலையிலேயே போங்கள், சின்ன வங்கிகள் மதியத்தோடு பூட்டிவிடுவார்கள்.