பகல் ஒரு மணிக்குள் அடிவாரம்

வாசகர் கேள்வி – பதில்: மலைநடை

கேள்வி: நான் கனடாவில் வளர்ந்தவள். ஒரு வருட வேலைக்காகக் கொட்டகலைக்கு வந்திருக்கிறேன். அங்கே ஒக்டோபரில், இலைகள் நிறம் மாறும்போதுதான் மலை ஏறுவோம். இங்கேயும் அந்த மாதத்தில் போகலாமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பகல் ஒரு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் மலையகத்தில் நடப்பவருக்கு இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

தென்மேல் பருவக்காற்று செப்டெம்பர் கடைசியில் ஓய்ந்துவிடும். வடகீழ் பருவக்காற்று டிசம்பரில்தான் நிலைகொள்ளும். நடுவில் காற்று மந்தம். காலை வெயிலில் சரிவுகள் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, மதியத்துக்குப் பிறகு இடிமேகமாகத் திரளும். ஆறு மணிக்குத் துடைத்து வைத்ததுபோல் இருந்த வானத்தில், பத்து மணியளவில் மேகம் பூக்கோவா மாதிரி அடுக்கடுக்காக மேல்நோக்கி வளர்கிறதா? உச்சி எவ்வளவு கிட்ட இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகட்டில் நிற்கக்கூடாது. தனிமரத்தடி ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும், நான்கு பக்கமும் திறந்த கொட்டகையான மடுவமும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நேரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: மூன்று கிலோமீற்றருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் அரை மணி. இறங்குவது சுலபம் என்று நினைத்து நேரத்தைக் குறைக்காதீர்கள். ஈரக் களிமண்ணில் வழுக்குவதும் முழங்கால் நோவதும் இறக்கத்தில்தான். கனடாவில் சூரியன் மறைந்த பின்னும் வெளிச்சம் நெடுநேரம் தங்கும். இங்கே நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே பொழுது சாய்ந்துவிடும், அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கால் வைக்கும் இடமே தெரியாது. பகலில் போனாலும் டோர்ச் பையில் இருக்கட்டும்.

குளிரையும் அலட்சியம் பண்ண வேண்டாம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்து, மேலே காற்றும் அடித்தால், பனி விழாத நாட்டிலும் உடல் நடுங்கிச் செயலிழக்கும். சீக்கிரம் உலரும் உடுப்பு, மழைக்கோட், பொலித்தீனில் கட்டிய மாற்றுச் சட்டை ஒன்று, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவையான ஜீவனிப் பைக்கற் ஒன்று. சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும், நசுங்கினாலும் கெடாது. தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உரமும் களைநாசினியும் மழையோடு அதில்தான் இறங்குகின்றன.

ஒரு மணி விதி செல்லாத நாட்களும் உண்டு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் மழை மதியம்வரை காத்திருக்காது, நாள் முழுக்கப் பெய்யும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். திட்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் கடைசியில். அதனால் புறப்படும் முதல்நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் நிறம் போட்டிருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழியில் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் அந்தச் சரிவைக் கடக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. வண்டி வீதிவரைதான் வரும். அதுவரை தூக்கி வர ஆள் வேண்டும் என்பதால் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் மருமகன் ஒக்டோபரிலேயே சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்கிறார். முடியுமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. மற்ற மாதங்களில் ஏறுவதற்குத் தடையில்லை. ஆனால் படி நெடுக வெளிச்சம் இருக்காது, தேத்தண்ணிக் கடைகள் பூட்டியிருக்கும், வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளும் இருக்காது. நல்லதண்ணிப் பக்கத்தில் சுமார் 5,500 படிகள், ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். ஏற மூன்றரை மணி, இறங்க இரண்டரை மணி என்று வையுங்கள். இரவில் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பதைப் பருவகாலத்துக்கு விட்டுவிட்டு, காலை ஐந்தரைக்குப் புறப்படச் சொல்லுங்கள். பாசி பிடித்த படியின் நடுவைவிட, கைப்பிடி உள்ள ஓரம் நல்லது.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? உப்புப் போடலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ நெருப்போ வைத்தால், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம், புண் சீழ்பிடிக்கும். மெல்லிய முனைதான் வாய். அதற்குப் பக்கத்தில் தோலை இழுத்துப் பிடித்து, நகத்தைப் படுக்கவைத்து வாயைத் தள்ளிவிடுங்கள். பிறகு தடித்த முனை. உடனே சுண்டி எறியுங்கள், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் சுரப்பதால் சில மணி நேரம் கசியும், பயப்படத் தேவையில்லை. சவர்க்காரத்தால் கழுவி, துணியை அழுத்திக் கட்டினால் போதும்.

வராமல் தடுக்க, நெருக்கமாக நெய்த நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, உலர்ந்த சவர்க்காரக் கட்டியை அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். மழையில் கரைந்துவிடும், ஒரு மணிக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்து நுவரெலியாவில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழியில் போகலாமா? ஹோட்டன் சமவெளிக்கு என்ன ஆவணம் வேண்டும்?
– வாசகர், நுவரெலியா

பதில்: தோட்டத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாரிடமே வழி கேட்கலாம், ஆனால் உச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தில் ‘மலை’ என்றால் கொழுந்து மலை. ‘மலைக்கு எப்படிப் போவது?’ என்றால் பறிக்கும் இடத்தைக் காட்டுவார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் கட்டைகள் ஈட்டிபோல் நிற்கும், விழுந்தால் குத்திவிடும். புல் மூடிய வடிகான்களில் கணுக்கால் மடங்கும். குச்சியால் தட்டிப் பார்த்துக் கால் வையுங்கள்.

‘குளவி!’ என்று யாராவது கத்தினால் நின்று பார்க்க வேண்டாம். கையை வீசாமல், தலையையும் முகத்தையும் சட்டையால் மூடிக்கொண்டு ஓடுங்கள். மூச்சுத் திணறினாலோ பல கொட்டு வாங்கியிருந்தாலோ அன்றே, அப்போதே வைத்தியசாலை.

ஹோட்டன் சமவெளியில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. கடவுச்சீட்டையும் வதிவிட விசாவையும் அசலாகக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். அதில் உள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஒன்பது, பத்துக்கு மூடுபனி ஏறிவிட்டால் எண்ணூறு மீற்றருக்கும் மேலான பள்ளம் இருக்கும் இடத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளிம்பு எதுவென்று தெரியாத அந்த நேரத்தில் படம் எடுக்கப் பின்னால் நகர வேண்டாம்.