வேகச் சதுரங்கம்: சுங்கை சிப்புட் ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கைப்பேசியில் பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடமே உள்ள வேகச் சதுரங்கம்) ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். அதற்கு நீளமாகச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

படிவம் 4 மாணவர்: அண்ணே, லிசெஸ்ங்கிற சதுரங்கத் தளத்துல மூணு நிமிஷ ஆட்டம் தினமும் ராத்திரி ஆடுறேன், ரேட்டிங் 1300ஐத் தாண்டவே மாட்டேங்குது. இன்னும் அதிகமா ஆடணுமா?

இல்லை தம்பி, குறைத்து ஆடணும். கூடுதல் நொடி இல்லாத மூன்று நிமிட ஆட்டத்தில் உனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாய், புதிதாக ஒன்றை யோசிக்க நேரமே கிடையாது, தப்பும் அப்படியே கைப்பழக்கமாகிவிடுகிறது. முதலில் 3+2க்கு மாறு, அதாவது மூன்று நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் 2 நொடியும். 40 நகர்வு போனால் 80 நொடி கூடுதலாகக் கிடைக்கும், ஜெயிக்கிற ஆட்டத்தை முடிக்க அது போதும். உலக பிளிட்ஸ் போட்டியில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதும் இதே 3+2தான். வாரத்தில் சில நாள் பிளிட்ஸையே விட்டுவிட்டு 15+10 ஆடு. புதுசாகக் கற்பதெல்லாம் அங்கேதான் நடக்கும், பிளிட்ஸில் அது பிறகு தானாக வரும்.

அப்புறம், தோற்றவுடன் அடுத்த ஆட்டத்தை அழுத்தாதே. நகர்வுகளை அலசிச் சொல்லும் கணினி என்ஜினைத் திறப்பதற்கு முன்னால் நீயே ஒருமுறை ஓட்டிப் பார்: எந்த நகர்வில் ஆட்டம் கைமாறியது, எதிராளி என்ன மிரட்டினான், அதைப் பார்த்தாயா இல்லையா. பெரும்பாலும் காப்பில்லாமல் நின்ற ஒரு காய்தான் காரணமாக இருக்கும். அதனால் உனக்கு வேண்டியது ஒரு நகர்வு, இரண்டு நகர்வுப் புதிர்கள்: குதிரையின் இரட்டைத் தாக்கு, ராஜாவுக்கு முன்னால் கட்டுப்பட்டு நிற்கும் காய், கடைசி வரிசை மேட். இவற்றை நிறையப் போட்டால் ஆட்டத்தில் யோசிக்காமலே கண்ணில் படும். மூன்று நிமிடத்தில் முடிந்த அளவு புதிர் போடும் லிசெஸ் பசில் ஸ்டார்ம் நல்லதுதான், ஆனால் அதோடு நிறுத்தாதே. சாதாரணப் புதிரில் விடையை முழுசாகக் கண்டுபிடித்த பிறகுதான் காயைத் தொடணும்.

வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்குப் போனை வைத்துவிடு. கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில் யாரும் எதையும் கற்றதில்லை.

லோரி ஓட்டுநர்: நல்லா ஜெயிக்கிற நிலைமைல இருப்பேன், நேரம் முடிஞ்சு தோத்துப்போவேன். கை வேகம் பத்தலையா?

கை வேகம் காரணமில்லை அண்ணே. ஆட்டம் முடிந்ததும் லிசெஸ் அலசல் பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று காட்டும், அதைப் பாருங்கள். எட்டாவது, பத்தாவது நகர்வில் இரண்டுமே நல்லதாக இருக்கும் இரண்டு நகர்வுகளுக்கு நடுவில் முப்பது, நாற்பது நொடி போயிருக்கும். அங்கே ஏதாவது ஒன்றை ஆடிவிடுங்கள். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு: செக்கோ வெட்டோ வரிசையாக வரப்போகும்போது, ராஜாவைச் சுற்றித் தாக்குதல் தொடங்கும்போது, காய்களை வெட்டி மாற்றி இறுதி ஆட்டத்துக்குள் (சில காய்களே மிஞ்சும் கட்டம்) போகும்போது. 3+2 ஆட்டத்தில் 15-ஆவது நகர்வு வரும்போது கையில் இரண்டு நிமிடம் இருந்தால் நிம்மதியாக ஆடலாம்.

ஜெயிக்கிற நிலையில் காய்களை மாற்றிக்கொண்டே போங்கள், எதிராளிக்குக் குழப்ப ஒன்றும் மிஞ்சாது. ராணியால் மேட், ஒரு கோட்டையால் மேட், இரண்டையும் யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகிவிடுங்கள். இன்னொன்று: எதிராளியின் நேரம் முடியும்போது உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் அது டிரா, வெற்றி கிடையாது.

தமிழ்ப்பள்ளி மாணவி: எல்லாரும் ராணியை வெளியே கொண்டுவந்து நாலு நகர்வுல மேட் பண்றாங்க.

நீ கறுப்பு. இருவரும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருக்கிறீர்கள், வெள்ளை ராணி எச்5 கட்டத்துக்கு வந்துவிட்டது. குதிரையை சி6ல் வை, உன் சிப்பாய்க்குக் காப்பு. வெள்ளை மந்திரி சி4க்கு வந்ததும் உன் ஜி சிப்பாயை ஜி6க்குத் தள்ளு. ராணி எஃப்3க்குப் போய் மறுபடி மிரட்டினால் இன்னொரு குதிரையை எஃப்6ல் வை. முடிந்தது, இப்போது உன் காய்கள்தான் முன்னால் இருக்கின்றன.

எண்ணெய்ப்பனை ஆலைத் தொழிலாளி, 45 வயது: எந்த ஓபனிங் படிக்கலாம்? இந்த வயசுல முன்னேற முடியுமா?

வெள்ளைக்கு லண்டன் என்ற தொடக்கம், கறுப்பில் எதிராளி சிப்பாயை இ4க்குத் தள்ளினால் காரோ கான் என்ற தொடக்கம். இரண்டிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் முதல் சில நகர்வுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், நேரம் மிச்சம். லண்டனில் மந்திரி வெளியே போனதும் பி2 சிப்பாய் காப்பில்லாமல் நிற்கும், கறுப்பு ராணி பி6க்கு வந்தால் கவனம். இதற்கு மேல் ஓபனிங்குக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

வயது பற்றி: விஸ்வநாதன் ஆனந்த் 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றபோது அவருக்கு 48 வயது. இதைவிட நான் என்ன சொல்ல.

ஓர் அம்மா: தம்பி, பையன் வேகமா ஆடியே கெட்டுப்போறானோன்னு பயமா இருக்கு.

மெதுவான ஆட்டமும் ஆடினால் கெடமாட்டான் அக்கா. 2024 டிசம்பரில் நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். 14-ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் கோட்டையைத் தப்பான கட்டத்தில் வைத்ததும், குகேஷ் கோட்டையையும் மந்திரியையும் மாற்றிக்கொண்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருக்கும் வெற்றி நிலைக்குப் போனார். அந்த மாதிரி இறுதி ஆட்டத்தை மூன்று நிமிட ஆட்டத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. பையனிடம் தினமும் ஒரு சிப்பாய் இறுதி ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டாலும் விளக்கச் சொல்லுங்கள்.

பிரீமூவ் போடலாமா? மழை வந்தா லைன் போயிடுதே?

எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் நகர்வைப் போட்டுவைப்பதுதான் பிரீமூவ். எதிராளி வெட்டியே ஆகவேண்டும், நீங்கள் திருப்பி வெட்டியே ஆகவேண்டும் என்ற இடத்தில் மட்டும் போடுங்கள். லிசெஸ்ஸில் ஒரே ஒரு பிரீமூவ்தான், அதற்கு நேரம் குறையாது. செஸ் டாட் காமில் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி போகும். சின்னத் தாமதத்தைத் தளமே ஓரளவு ஈடுகட்டும், ஆனால் லைன் அறுந்தால் கடிகாரம் நிற்காது. மழை நாளில் புதிர் போடுங்கள்.

தீபாவளிக்கு பாலாய்ராயாவில் (ஊர் மண்டபம்) பலகையில் பிளிட்ஸ் வைக்கிறோம். போன்ல ஆடிப் பழகுனவங்க எதைக் கவனிக்கணும்?

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்தணும், இதை எல்லோரும் மறப்பார்கள். போன் செல்லாத நகர்வை ஏற்காது, பலகையில் ராஜா செக்கில் இருக்கும்போது வேறு காயை நகர்த்தினாலும் உங்கள் கையை யாரும் பிடிக்க மாட்டார்கள், அதனால் என்ன தண்டனை என்று முதல் சுற்றுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். கடிகாரம் பற்றாவிட்டால் ஒரு ஹேண்ட்போனில் செஸ் கிளாக் செயலியைப் போட்டு நடுவில் வைத்தால் போதும். அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.