சம்பள நோட்டீஸ் அனுப்புமுன் உங்கள் பதவியைப் பாருங்கள்

கேள்வி: பி.ஓ.டி., எம்.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபியில் இளநிலை, முதுநிலை) படித்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான்; நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குவது என் தொழில். எம்.ஓ.டி.யில் மனநலப் பிரிவு. மனநல மறுவாழ்வு இல்லம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஆய்வுக்கு வந்தவர்கள் இல்லத்துக்குப் பதிவே இல்லை என்றார்கள். எல்லோர் முன்னும் என்னைத் தகுதியற்றவன் என்றும் சொன்னார்கள். மாநில மனநல ஆணையம் எனக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உரிமையாளர் நாலு மாதச் சம்பளத்தையும் அசல் சான்றிதழ்களையும் தராமல் இழுத்தடிக்கிறார். 'மனநல வல்லுநராக உழைத்த என்னை ஏமாற்றினார்' என்று வழக்குப் போடலாமா?

பதில்: அந்த வாக்கியத்தை எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள். அவமானமும் உரிமையாளரின் குணமும் இப்போது பேச வேண்டியவை அல்ல. அங்கே எந்தப் பதவியில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது ஒன்றுதான் விஷயம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'மனநல வல்லுநர்' என்றால் மூன்று வகையினர். மனநல மருத்துவர். பிரிவு 55-இன்படி மாநில ஆணையத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர். ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி, சித்தாவில் குறிப்பிட்ட முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதில் இல்லை. மனநலம் எடுத்து எம்.ஓ.டி. முடித்தாலும் இல்லை. 2021-இல் வந்த, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உங்கள் தொழிலை அங்கீகரிக்கிறது, ஆனால் இந்தப் பதவியைத் தரவில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணும் தராது. பல வருடம் நோயில் கிடந்தவரைத் திரும்பக் குளிக்க, சமைக்க, வேலைக்குப் போகப் பழக்குகிறவர்களை விட்டுவிட்டது பெரிய குறை என்றே நானும் நினைக்கிறேன். விசாரணையில் அந்த வாதம் எடுபடாது.

இதே விடுபடல்தான் உங்களைக் காப்பாற்றவும் கூடும். பிரிவு 107: பதிவில்லாத இல்லத்தில் தெரிந்தே 'மனநல வல்லுநர் என்ற நிலையில்' பணியாற்றியவருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நில வரி பாக்கிபோல வசூலிப்பார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக மட்டும் வேலை பார்த்தவர், அந்த நிலையில் தான் பணியாற்றவில்லை என்று வலுவாக வாதாடலாம். ஆனால் சம்பள பாக்கிக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸிலேயே 'மனநல வல்லுநராக மூன்று வருடம்' என்று பெருமையாக எழுதிவிடுகிறார்கள். எதிராளி அதை அப்படியே ஆணையத்திடம் நீட்டுவார். அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அடையாள அட்டை, விசிட்டிங் கார்டு, அனுபவச் சான்றிதழ், ஊதியச் சீட்டு எல்லாவற்றிலும் என்ன பதவி போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஆய்வுக்குப் பிறகும் வேலைக்குப் போயிருந்தால், 'பதிவில்லை என்று தெரியாது' என்ற பதில் அந்த நாட்களுக்குச் செல்லாது.

இதைவிட ஆபத்தானது சேர்க்கைப் படிவம். பிரிவு 89-இன்கீழ், அதாவது நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பித்து, ஒருவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும், கூடவே மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ. ஆள் கிடைக்காத இல்லங்களில் இரண்டாவது கையெழுத்தைத் தெரபிஸ்டிடம் வாங்கிவிடுவார்கள். அப்படி நீங்கள் போட்டிருந்தால் அந்தச் சேர்க்கையே சட்டப்படி நிற்காது. சட்டத்தை மீறியதற்கான பொதுத் தண்டனைப் பிரிவான 108 வந்தால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிவங்களில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்பதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். ஆணையத்துக்கான பதிலே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

சம்பளத்துக்கு வழக்கு வேண்டாம், சமரசமாகப் போங்கள். நாலு மாதப் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. அசல் சான்றிதழ்களையும், 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' என்று மட்டும் குறிப்பிட்ட பணிவிடுவிப்புக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். ஆணையத்திடம் எதுவும் சொல்லமாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி அது செல்லாது, உங்கள் மேல் சந்தேகத்தைத்தான் கூட்டும். முதலில் ஆணையத்துக்குப் பதில் போகட்டும், சமரசப் பேச்சு அதன் பிறகு.