மூன்று பொருள்கள் மட்டும் என்றால்

கேள்வி: ஆளில்லாத தீவில் தனியே அகப்பட்டால் எந்த மூன்று பொருள்கள் கையில் இருக்க வேண்டும்? கத்தி, தூண்டில், லைட்டர் என்கிறார்கள் நண்பர்கள்.
- மாணவன், கொக்குவில்

பதில்: தம்பி, அந்த மூன்றும் ஒருமுறை என்னிடம் இருந்தன. எஞ்சின் நின்றுபோய், நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் ஒதுங்கினோம். இரண்டு பேர், அரைப் போத்தல் தண்ணீர். பின்னேரமே தங்கூசி போட்டு மீன் பிடித்துச் சுட்டுத் தின்றோம். தின்னத் தின்ன நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மீனைச் செரிக்கவும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும் என்று அன்றுதான் விளங்கியது.

ஆகவே முதலில், இறுக்கமான மூடியுள்ள ஐந்து லீற்றர் கான், நிறையத் தண்ணீரோடு. கச்சதீவில் குடிநீர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவித்தாலும் கடல்நீரைத் தொடாதீர்கள். லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற, குடித்ததை விடக் கூடுதலான தண்ணீரை உடம்பு இழக்கும்.

கான் தீர்ந்தால் தோண்டத்தான் வேண்டும். கரையோரத்தில் அல்ல, மணல் மேட்டுக்குப் பின்னால், செடி பச்சையாக நிற்கும் பள்ளத்தில். மண்ணில் இறங்கிய மழைநீர் உப்புநீரை விட இலேசு, அதன் மேல் மிதந்து நிற்கும். நம் கிணறுகளும் இப்படித்தானே! மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராவதும் அதனால்தான். அன்று முழங்கை ஆழத்திலேயே ஈரம் கண்டோம். கூட வந்தவர் அவசரப்பட்டு இன்னும் தோண்ட, உப்பு ஏறிவிட்டது. பக்கத்தில் வேறு சிறு குழி பறித்து, ஊற ஊறச் சிரட்டையால் அள்ளினோம். கலங்கல்தான், கொஞ்சம் கரித்தது, ஆனால் தொண்டைக்குள் இறங்கியது.

இரண்டாவது, தறப்பாள். நிழலில் கிடந்தால் வியர்வை குறையும். மழை பெய்தால் குழிவாகப் பிடித்துக் கானை நிரப்பலாம்.

லைட்டர் சரி, அதை மாற்ற மாட்டேன். பொலித்தீனில் சுற்றி வையுங்கள். எரிகிற விறகின் மேல் பச்சைத் தழை போட்டு எழுப்பிய புகையைக் கண்டுதான் மறுநாள் ஒரு வள்ளம் எங்களிடம் வந்தது. குழித்தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு தகரப்பேணி கரையில் ஒதுங்கியிருந்தால் அதற்கும் நெருப்பு வேண்டுமே.

கத்தி இல்லாமல் எப்படி என்பீர்கள். மட்டி ஓட்டைக் கல்லில் தட்டி உடைத்தால் விளிம்பு கூராக வரும். மீனின் வயிற்றைக் கீற அது காணும்.