தலைவர்கள் எதிராளியை ஹிட்லரோடும் படுகொலைகளோடும் ஒப்பிட்டுப் பேசுவது நாகரிகமா, நியாயமா?

நாகரிகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. திருவாரூர்ப் பக்கத்துக்காரன் நான். மேடையில் காரசாரமாகப் பேசாதவருக்கு இங்கே கூட்டம் நிற்காது. நியாயமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

காவிரிப் பேச்சை எடுத்தால் எங்கள் பகுதியில் தவறாமல் வரும் ஒப்பீடு ஒன்று உண்டு. ‘பாகிஸ்தானுக்கே சிந்து நதித் தண்ணீர் போகிறது, பக்கத்து மாநிலம் நமக்குத் தர மறுக்கிறது’ என்பார்கள். கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்தான். ஆனால் அதில் விஷயம் இருந்தது. 1960இல் போட்ட சிந்து நீர் ஒப்பந்தம் 1965, 1971 போர்களையும் தாண்டி நின்றது. காவிரிக்கோ 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று அளவையும் முடிவு செய்தது. அதன் பிறகும் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் குறுவைக்கு விதை விடலாமா வேண்டாமா என்று மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நடத்தையை இன்னொரு நடத்தையோடு வைத்துக் காட்டும் ஒப்பீடு இது. மறுக்க விரும்பும் கர்நாடகத்துக்காரர் கணக்கோடு வந்து மறுக்கலாம். (2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்த பிறகும் இதே வசனத்தைப் பேசுகிறவருக்கு யாராவது செய்தித்தாள் வாங்கிக் கொடுத்தால் தேவலை.)

அதே பேச்சு கொஞ்சம் வழுக்கினால் ‘கன்னடர்கள் பாகிஸ்தானியரைவிட மோசம்’ என்று ஆகிவிடும். அணை, தீர்ப்பு, டி.எம்.சி. எல்லாம் காணாமல் போய், ஒரு மொழி பேசுகிற மக்கள் மொத்தமும் எதிரியாகிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்திலும் இப்படிப் பேச ஆள் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. மேடையேறிய யாருக்கும் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. அடிபட்டவர்கள் பிழைக்கப் போனவர்கள்.

இதைவிட எனக்குப் பொறுக்காதது, செத்தவர்களை இரவல் வாங்கிப் பேசுவது. ஒரு குறுவை அறுவடையின்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார்கள். சாக்கும் இல்லை, லாரியும் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டால் நெல் சூடாக இருந்தது. அள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. கோபம் வராமல் என்ன செய்யும்? கண்டனக் கூட்டம் போட்டார்கள். அதில் ஒரு தலைவர், ‘இது விவசாயிகளுக்கு இன்னொரு வெண்மணி’ என்றார். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு கொளுத்திய கீழ்வெண்மணியைத்தான் சொன்னார். பலத்த கைதட்டல்.

என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். டிசம்பர் 25 வந்தால் கீழ்வெண்மணி நினைவிடத்துக்குப் போய்விடுகிறவர். “தம்பி, அங்கே கூலி கூடக் கேட்டது யார், கொளுத்தியது யார்? இங்கே மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நிலம் உள்ளவர்கள். இவர் ஆளையே மாற்றிவிட்டாரே” என்றார்.

1968இல் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அனைவரும் தாழ்த்தப்பட்ட கூலிக் குடும்பத்தினர். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. ஈர நெல்லுக்குத் தளர்வு கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம், அதிகாரியை முற்றுகையிடலாம். அதற்கு அந்த 44 பேர் எதற்கு? போதாக்குறைக்கு, மறுநாள் எல்லோரும் வெண்மணிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நெல் களத்திலேயே கிடந்தது.

ஹிட்லர் ஒப்பீட்டுக்கும் இதே உரைகல்தான்: நடத்தையோடு நடத்தையை வைத்துக் காட்ட முடிகிறதா? 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தன் கையாலேயே ஹிட்லர் அரசுக்குத் தூக்கிக் கொடுத்தது. இன்றைய ஆட்சி சட்டமன்றத்தை ஓரங்கட்டுகிறது என்று நினைப்பவர் அந்த நாளையும் இந்த மசோதாவையும் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும், உட்கார்ந்து கேட்கிறேன். தன் கட்சி ஆண்டபோது இதே வேலையைச் செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். இணைய விவாதம் நீள நீள ஹிட்லர் வந்தே தீருவார் என்று 1990இல் கேலியாக விதி எழுதிய மைக் காட்வினே, விஷயம் தெரிந்து ஒப்பிடுவதானால் தாராளமாக ஒப்பிடுங்கள் என்று பிற்பாடு எழுதினார். அவர் சொன்னது சரி. ‘அநாகரிகம், அநாகரிகம்’ என்று எல்லா ஒப்பீட்டையும் வாயடைப்பது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் தோதான ஏற்பாடு.

பேசியவருக்கும் நியாயம் உண்டு, அதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த வெண்மணிப் பேச்சின் துண்டு வீடியோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அவருடைய சாதியை இழுத்துத் திட்டினார்கள், வீட்டை முற்றுகையிட வேண்டும் என்றார்கள். அந்த வரிக்கு முன்னால் சாக்குத் தட்டுப்பாடு, லாரி, ஈரப்பதக் கருவி என்று அவர் வரிசையாகச் சொன்னது எதுவும் அந்தத் துண்டில் இல்லை. முழுப் பேச்சையும் குழுவில் போட்டேன். அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று அவருக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன். வீட்டு முற்றுகைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.