ஒரு புரோமோட்டர் பக்கத்துப் புரோமோட்டரை எப்படி அடக்குகிறது?

புரோமோட்டர் என்பது மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் டி.என்.ஏ பகுதி. ரெப்ரசர் புரதம் (டி.என்.ஏவில் ஒட்டி அதை அடக்குவது) எதுவும் இல்லாமலே ஒரு புரோமோட்டர் இன்னொன்றை அடக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் 186 ஃபேஜ் என்ற வைரஸைப் பாருங்கள். அதில் பி.ஆர், பி.எல் என்ற இரண்டு புரோமோட்டர்களும் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிராக நிற்கின்றன. தொடக்கப் புள்ளிகளுக்கு இடையே 62 காரஇணைதான் (டி.என்.ஏ எழுத்து ஜோடி). வலுவான பி.ஆர், பி.எல்லை ஏறக்குறைய 5.6 மடங்கு குறைத்துவிடுகிறது.

பலரும் நினைப்பதுபோல, வழியை அடைப்பது மட்டும் காரணமல்ல. டி.என்.ஏவை ஆர்.என்.ஏவாகப் படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் நொடிக்கு 40–50 நியூக்ளியோடைடு (எழுத்து) ஓடும். சுமார் 75 காரஇணை நீளமுள்ள புரோமோட்டர் பகுதியை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். அந்த நேரத்தில் பெரிதாக எதுவும் கெடாது. உண்மையான அடி வேறு: பி.எல்லில் பாலிமரேஸ் வந்து உட்கார்ந்து, கிளம்பத் தாமதிக்கிறது. அதற்குள் பி.ஆரிலிருந்து ஓடிவருவது மோதி அதைக் கழற்றிவிடுகிறது. சட்டென்று கிளம்பும் புரோமோட்டர் தப்பிக்கும். ஓடிவருவது புரோமோட்டர்மேலேயே தயங்கி நின்றால் அடைப்பும் கடுமையாகிவிடும்.

சோதிக்க, பி.எல்லோடு லாக்-இசட் மரபணுவை இணைத்து, அது தரும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியை அளவிடுங்கள். ஒப்பீட்டுக்கு பி.ஆரை வெட்டி எறியாதீர்கள், தூரம் மாறிவிடும். பி.ஆரின் -10 பகுதியில் (தொடக்கப் புள்ளிக்குச் சுமார் 10 எழுத்து முன்னால்) மட்டும் எழுத்தை மாற்றி அதை முடக்குங்கள். ரெப்ரசர் புரதங்களைத் தரும் சி.ஐ, ஏ.பி.எல் மரபணுக்கள் சோதனைக்கான டி.என்.ஏ கட்டமைப்பில் இருக்கவே கூடாது; இருந்தால் அளப்பது மோதலையா, ரெப்ரசரையா என்று பிரிக்க முடியாது. இரண்டு புரோமோட்டர்களுக்கும் நடுவே டெர்மினேட்டர் (படியெடுப்பை நிறுத்தும் டி.என்.ஏ பகுதி) வைத்தால், அதே நீளத்தில் வெற்று டி.என்.ஏ வைத்த இன்னொரு கட்டமைப்பும் கட்டாயம் வேண்டும்.