வீடா, கடையா, ஆபீஸா? ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழில்: வாசகர் கேள்வி-பதில்

நண்பரும் நானும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்குகிறோம். கையில் 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. முதலில் வீடுகளைப் பிடிப்பதா, கடைகளையா? (செந்தூல்)

கடைகள். அதுவும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் கடைகள். ஒரு கடைவீட்டின் முகப்பில் கண்ணாடிக் கதவும் திறக்காத இரண்டு கண்ணாடிப் பலகையும் இருக்கும். உள்ளும் புறமும் துடைக்கப் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். உதாரணத்துக்கு, கடைக்கு 20 வெள்ளி வாங்கி மணிக்கு நான்கு கடை முடித்தால் 80 வெள்ளி. 350 வெள்ளிக்குப் பேசிய வீட்டில் இருவரும் ஐந்து மணி நேரம் நின்றால் மணிக்கு 70தான் வருகிறது, போக்குவரத்து நெரிசல் கணக்கில் சேராமல். கடைக்காரர் இரண்டு வாரத்தில் மறுபடியும் கூப்பிடுவார். வீட்டுக்காரர் தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோதான் உங்களை நினைப்பார்.

பொருள் அதிகம் வேண்டாம். 35 சென்டிமீட்டர் ஸ்குவீஜி (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் விளிம்புக் கருவி) இரண்டு, மாற்று ரப்பர் பட்டைகள், கண்ணாடியை நனைக்கும் உறைபோட்ட கட்டை, நீளமான வாளி, 4 அங்குல பிளேடு, மைக்ரோஃபைபர் துணி இருபது, ஓர் ஏணி. பத்து லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் ஊற்றினால் நுரை காய்ந்து கோடாக நிற்கும். துடைத்த கண்ணாடியில் எப்போதும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் சோப்பைக் குறை சொல்லாதீர்கள், ரப்பரின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. பட்டையைத் திருப்பிப் போடுங்கள், மறுவிளிம்பும் போனால் மாற்றுங்கள். தண்ணீர் ஏறும் நீளக் கம்பத்தை முதல் வருடம் வாங்காதீர்கள்.

எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு செய்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் 60.

கோலாலம்பூரில் இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. கதவுக் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். சோப்புத் தண்ணீரோடு அதை வழித்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் போனார். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அழிக்கச் சொல்வார்கள், சிலர் தொடவே விடமாட்டார்கள். பூஜைப் பொருள் கடைகளில் சாம்பிராணிப் புகை எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை துடைத்து, பிறகு வழக்கம்போல் ஸ்குவீஜி இழுத்தால்தான் மங்கல் போகும்.

செராஸில் ஓர் இரட்டை மாடி வீட்டுக்கு இருபது ஜன்னல் என்று கணக்குப் போட்டு 150 வெள்ளி சொன்னேன். இரண்டு பேருக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. எங்கே தவறு? (பண்டான் இண்டா)

ஜன்னலை எண்ணினீர்கள், கிரிலை எண்ணவில்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் விலையைத் தீர்மானிப்பது கிரில்தான்.

நம் ஊர் வீடுகளில் கிரில் பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். கம்பிகளுக்கு நடுவே கை போகும், 35 சென்டிமீட்டர் ஸ்குவீஜி போகாது. போனாலும் வளைந்து இழுக்க இடமில்லை. அதனால் உள்முகத்தைத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஈரத்துணியால் மேலிருந்து கீழ் ஒருமுறை, பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் மூலைகளை ஒருமுறை. திறந்த கண்ணாடிக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு போகும். இதற்கு முன்னால் கிரிலின் தூசியைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் நனைந்த தூசி கருப்புத் தண்ணீராக வழிந்து சுவரில் இறங்கும், பெயின்ட்டுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

பழைய வீடுகளின் லூவர் ஜன்னல், அதாவது அடுக்கடுக்கான கண்ணாடித் தகடுகள் திறந்து மூடும் ஜன்னல், இதைவிட மோசம். பத்துத் தகடு உள்ள ஒரு லூவர் என்றால் இருபது முகம். அதை ஒரு ஜன்னல் என்று எண்ணினால் பிழைக்க முடியாது, தகட்டுக் கணக்கில் விலை சொல்லுங்கள். தகடுகளைக் கிடைமட்டமாகத் திறந்து, தடித்த கையுறை போட்டு, துணியைத் தகட்டின் மேலும் கீழும் படிய மடித்துப் பிடித்து ஒரே இழுப்பில் துடையுங்கள். மேல் தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். தகடு உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பிடி பழசாகியிருந்தால் லேசாக அழுத்தினாலே உடையும். வேலைக்கு முன் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, தளர்ந்ததைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டிவிடுங்கள். உடைந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனிமேல் விலை சொல்வதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள், உள்ளே நின்று கிரிலோடு சேர்த்து எடுத்த படமாக. கொசுவலை உண்டா, டின்ட் (வெயிலைத் தடுக்கும் மெல்லிய படலம்) ஒட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். டின்ட் மேல் பிளேடும் அம்மோனியா கலந்த திரவமும் படக்கூடாது. புதிதாக ஒட்டியது என்றால் ஒரு மாதம் கழித்துத்தான் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டும்.

ஓர் ஆபீஸ் கட்டடம் மாதக் குத்தகை தருகிறது. இரண்டு ஆளுக்கு முழு மாத வேலை. ஆனால் பில் அனுப்பி 60 நாள் கழித்துத்தான் பணமாம். எடுக்கலாமா? (பங்சார்)

கையில் 12,500 வெள்ளி சும்மா இருந்தால் எடுக்கலாம். கணக்கு இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி, அந்த ஆகஸ்ட் முதல் சின்ன முதலாளிகளுக்கும் அதே. இரண்டு உள்ளூர் ஆளுக்கு மாதம் 3,400. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) முதலாளி பங்கு 13 விழுக்காடு, 442. ஜனவரி வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டால் பணம் வருவது ஏப்ரல் தொடக்கத்தில். அதற்குள் மூன்று சம்பளம் கொடுத்திருப்பீர்கள்: 11,526 வெள்ளி. சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), பெட்ரோல், ரப்பர் எல்லாம் சேர்த்தால் மேலே சொன்ன தொகை.

அவ்வளவு இல்லை என்றால் குத்தகையை மறுக்க வேண்டியதில்லை. 30 நாளாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது மாதத்தில் இரண்டு பில் போட அனுமதி வாங்குங்கள். பில்லில் ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ (வேலைக்கு அவர்கள் தரும் ஆணை) எண் விடுபட்டால் கணக்குப் பிரிவில் அது அப்படியே கிடக்கும். 60 நாள் 90 ஆவதற்குப் பாதிக் காரணம் இந்த மாதிரி சின்ன விடுதல்தான். வீட்டு வேலையை இந்த நேரத்தில் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்த கையோடு டுயிட்நவ்வில் (கைப்பேசி வழி உடனடிப் பணமாற்று) வரும் அந்தப் பணம்தான் பெட்ரோல் ஊற்றும்.

தஞ்சோங் பூங்கா கொண்டோவில் கடல் பார்த்த யூனிட். வெளிக்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். பால்கனியில் சாய்ந்து துடைத்துத் தரச் சொல்கிறார். (பினாங்கு)

சாயாதீர்கள். பால்கனித் தரையில் இரண்டு காலும் ஊன்றி, கம்பத்தால் எட்டுவது மட்டும் உங்கள் வேலை. அதற்கு அப்பால் உள்ளது கயிற்றில் இறங்கப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. வெளிச்சுவர் கொண்டோவில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவான சொத்து என்பதால் மேனேஜ்மென்ட் அனுமதியும் வேண்டும். வீட்டுக்காரர் சொன்னார் என்பது அங்கே செல்லாது.

புள்ளி விஷயம்: கடல் உப்பு படிந்த கண்ணாடியை நேராகத் தேய்த்தால் மணல்தாள் போட்ட மாதிரிதான். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகும் நின்றால் காசு அளவு இடத்தில் வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துப் பாருங்கள். போனால் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்திருக்கலாம், அது பாலிஷ் வேலை, விலை வேறு. வினிகர் அலுமினியச் சட்டத்திலும் மார்பிள் தரையிலும் சொட்டக் கூடாது.

ரெனோவேஷன் முடிந்த வீடுகளுக்கு நல்ல கூலி தருகிறார்கள். அதையே செய்யலாமா? (கெப்போங்)

கூலி நல்லதுதான், ஒரு கண்ணாடி கீறினால் நான்கு வேலையின் லாபம் போகும். டெம்பர்ட் கண்ணாடியின் (சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது) மேற்பரப்பில் சூளையில் ஒட்டிய நுண்துகள் இருக்கலாம். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும், கோடு விழும். மூலையில் டெம்பர்ட் முத்திரை இருக்கிறதா பாருங்கள். கண்ணாடியை நனைத்துப் பிளேடை ஒரு விரல் நீளம் மட்டும் தள்ளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முன்னமே இருந்த கீறல்களைப் படம் எடுத்து, பிளேடு போடுவதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு தொடங்குங்கள். கட்டுமானம் இன்னும் நடக்கும் இடமென்றால் வாசலில் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பச்சை அட்டை கேட்பார்கள்.

மழை வந்தால் கடைக்காரருக்குப் பணத்தைக் குறைக்க வேண்டுமா? (ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா)

வேண்டாம். ஐந்தடிப் பாதைக்கு (கடை முன் கூரையுள்ள நடைபாதை) உள்ளே இருக்கும் கண்ணாடியில் சாதாரண மழை படாது, தூறலில் தாராளமாகச் செய்யலாம். காற்றோடு அடித்தால் மறுநாள் வந்து முடித்துக் கொடுங்கள். இதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் பேச்சு வராது.